ஐந்து ஸ்டார் டிசையர்: பின் சீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் செய்யும் பாதுகாப்புச் சோதனை, பானெட்டை விரலால் தட்டிப் பார்ப்பது. அடுத்தது கதவை ஓங்கிச் சாத்திப் பார்ப்பது. இந்த இரண்டிலும் மாருதி கார்கள் காலங்காலமாக ஃபெயில். ‘மைலேஜ் வேணும்னா மாருதி, கெட்டி வேணும்னா வேற கம்பெனி’ என்பது டீக்கடைத் தீர்ப்பு.

மாருதியின் நான்காம் தலைமுறை டிசையர் வந்ததும் அந்தத் தீர்ப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. 2024 நவம்பர் 11 அன்று கார் விற்பனைக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே, கார்களை மோதிச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் தன் கிராஷ் டெஸ்ட் முடிவை வெளியிட்டது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 34க்கு 31.24 மதிப்பெண், 5 ஸ்டார். மாருதி சுஸுகி வாங்கிய முதல் 5 ஸ்டார் அதுதான். பிறகு நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையிலும் 5 ஸ்டார். 2022 டிசம்பரில் இதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரெஸ்ஸோ மூன்றும் தலா ஒரு ஸ்டாரோடு நின்றதை நினைத்துப் பார்த்தால், இது பெரிய தாவல்.

மைலேஜ், பிக்கப், டிக்கி அளவு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் இந்தக் காரை ஓட்டியதைவிட அதன் பின் சீட்டில் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டார் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

மோதும் கூடத்தில்

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியச் சந்தையின் ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துமே பூஜ்யம். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது 4 ஸ்டார் கிடைத்தது. நம் ஊரில் காரின் பாதுகாப்பைப் பற்றி ஜனங்கள் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2018இல் டாடா நெக்ஸான், இந்தியக் கார்களில் முதல் 5 ஸ்டாரை வாங்கியது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. இது கட்டாயம் அல்ல. நிறுவனங்கள் விரும்பினால் காரைச் சோதனைக்குக் கொடுக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. மையத்திலும் இதற்கான மோதல் கூடம் இருக்கிறது.

முக்கியமான சோதனை இதுதான்: மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு தடுப்பில் மோதும். முழு முகமும் மோதாது, டிரைவர் பக்கம் 40 சதவீதம் மட்டும். எதிரே வந்த வண்டியைக் கடைசி நொடியில் விலக்கப் பார்த்து, முடியாமல் இடிப்போமே, அந்த மாதிரி. முன் சீட்டில் இரண்டு பெரியவர் பொம்மைகள், பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள். பிறகு பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதல், கம்பத்தில் 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதல். 64 என்பது கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கார் மூக்குக் குப்புற விழுந்தால் தரையைத் தொடும் வேகம் அது.

இந்தச் சோதனையில் பானெட் தகரம் கெட்டியாக இருந்து பயனில்லை. அது நசுங்கத்தான் வேண்டும். நசுங்கி மோதலின் வேகத்தைத் தின்ன வேண்டும். நசுங்கக் கூடாதது ஆட்கள் உட்காரும் கூண்டு: பில்லர்கள், கூரை விளிம்பு, கால் வைக்கும் இடம். டிசையரின் கூண்டை ‘நிலையானது’ என்று குளோபல் என்கேப் மதிப்பிட்டது. 2022இல் ஒரு ஸ்டார் வாங்கிய மூன்று கார்களும் சறுக்கியது இங்கேதான். ஆக, தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். விரலுக்குக் கேட்பது தகரத்தின் சத்தம். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் எஃகு.

மார்க் ஷீட்டைப் பிரித்துப் படித்தால்

பிள்ளையின் மார்க் ஷீட்டில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் மூடி வைப்பதில்லை. காருக்கு மட்டும் ஸ்டாரை எண்ணிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

பாரத் என்கேப் டிசையருக்குக் கொடுத்தது: பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32க்கு 29.46. இதில் முன்பக்க மோதலுக்கு 16க்கு 14.17, பக்கவாட்டுக்கு 16க்கு 15.29. 5 ஸ்டாருக்கு 27 போதும், தாராளமாகத் தாண்டியிருக்கிறது. ஆறு ஏர்பேக்கும் வழுக்கும்போது வண்டியைத் தடம் மாறாமல் பிடிக்கும் ஈ.எஸ்.சி.யும் அடிப்படை மாடலிலேயே உண்டு. டாப் மாடல் வாங்கினால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்ற பழைய வியாபாரம் இந்தக் காரில் இல்லை. இதற்கு ஒரு சபாஷ்.

குழந்தைகளின் பாதுகாப்பு மதிப்பெண்ணுக்கு வருவோம். 49க்கு 41.57. இங்கே 5 ஸ்டாருக்கான எல்லை 41. கோட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். மோதலின்போது குழந்தைப் பொம்மைகள் பத்திரமாக இருந்ததற்கு 24க்கு 23.57. குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த முடிகிறதா என்பதற்கு 12க்கு 12. ஆனால் குழந்தைகளை ஏற்றிச் செல்ல இந்தக் கார் எவ்வளவு தோதானது என்று பார்க்கும் மூன்றாவது பகுதியில் 13க்கு வெறும் 6. குளோபல் என்கேப்பில் குழந்தைகள் பிரிவில் 49க்கு 39.20 எடுத்து 4 ஸ்டார்தான் வாங்கியது. ஒரே கார், ஒரு பட்டியலில் நாலு, இன்னொன்றில் ஐந்து. எதுவும் பொய் இல்லை, அளவுகோல் வேறு. கைக்குழந்தை உள்ள குடும்பம் பார்க்க வேண்டியது அந்த 6 மதிப்பெண்ணைத்தான்.

பின் சீட்டில்

முன்பக்க மோதல் சோதனையில் பின் சீட்டில் பெரியவர் யாரும் இல்லை. நம் ஊரில் பாட்டி, அத்தை, மாமா எல்லோரும் உட்காருவது அங்கேதான்.

டிசையரின் பின் சீட்டில் மூன்று பேருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு இடுப்பை மட்டும் கட்டும் பழைய பெல்ட்டைக் கொடுத்து ஏமாற்றவில்லை. ஐந்து சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் உண்டு. இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விட்டால், இரு ஓரங்களிலும் குறுக்காக ஒரு சின்ன இரும்புக் கம்பி தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ் கொக்கி. குழந்தை இருக்கையின் இரண்டு கால்களும் இதைக் கவ்விக்கொள்ளும். ‘க்ளிக்’ என்று சத்தம் வர வேண்டும். பிறகு இருக்கையைப் பிடித்து ஆட்டினால் கார்தான் ஆட வேண்டும், இருக்கை தனியாக ஆடக் கூடாது. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது உங்கள் குழந்தை இருக்கையையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். சேல்ஸ்மேன் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மோதும் கணத்தில் உடலின் எடை இருபது முப்பது மடங்கு இழுக்கும். பத்து கிலோ குழந்தை, கண நேரத்துக்கு முந்நூறு கிலோ. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பெரியவர்கள் பெல்ட் போட்டாலும் போடும் விதம் இருக்கிறது. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்வது நம் பழக்கம். அப்படி உட்கார்ந்தால் பட்டை இடுப்பில் நிற்காது. மோதும்போது உடல் அதன் அடியில் வழுக்கி, வயிறு மாட்டிக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்தால்

1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். நகரத்துக்குப் போதும், நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட கியரைக் குறைத்தாக வேண்டும். ஓவர்டேக்கில் எவ்வளவு நேரம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறோம் என்பதும் பாதுகாப்புதான், எனவே இதை ஒரு குறையாகவே எழுதுகிறேன். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தானாக பிரேக் பிடிக்கும் அடாஸ் வசதி எந்த மாடலிலும் கிடையாது.

சோதனைக்கு வெளியே உள்ள சாலை

64 கிலோமீட்டர் சோதனை, கிட்டத்தட்ட தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். டிசையரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. எதிரே வருவது இரண்டு டன்னைத் தாண்டும் எஸ்யூவி என்றால் கணக்கு மாறிவிடும். இரண்டும் 5 ஸ்டார் வாங்கியிருக்கலாம். ஆனால் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு வாங்கிய ஸ்டார் அல்ல.

வேகமும் அப்படித்தான். 100இல் மோதும்போது வெளிப்படும் ஆற்றல், 64இல் வெளிப்படுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. சென்னை–திருச்சி சாலையில் இரவில் பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால் ஒரு மரக்கிளையைச் செருகியிருப்பார்கள். எச்சரிக்கை விளக்கு அதுதான். அந்த லாரியில் போய் இடித்தால் காரின் மூக்கு அதற்கு அடியில் நுழைந்துவிடும். நசுங்க வேண்டிய பகுதி நசுங்காது; லாரியின் விளிம்பு நேராகக் கண்ணாடியை வந்து தொடும். எந்த ஸ்டாரும் இதைச் சோதிப்பதில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அந்த ஆண்டு சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்வது 16,715 பேரை. அதில் 8,331 பேர் டிரைவர்கள் அல்ல, கூட வந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பின் சீட்டில்தான். ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய மெர்சிடிஸ் ஜி.எல்.சி. கார். பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

நாமே பிடுங்கும் ஸ்டார்கள்

புதுக் கார் வந்த வாரமே ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறோம். சீட்டின் பக்கவாட்டுத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் சைடு ஏர்பேக் வெளியே வர வேண்டும். நாம் அதன் மேல் கெட்டியான ரெக்சின் கவரை இழுத்துத் தைக்கிறோம். அதே கவருக்கு அடியில் பின் சீட் பெல்ட்டின் பூட்டும் புதைந்துபோகிறது. பல டாக்சிகளில் பின்னால் பெல்ட் தேடினால் பட்டை கிடைக்கும், பூட்டு கிடைக்காது. முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு மத்திய அரசு 2017இலேயே தடை போட்டுவிட்டது. இன்னும் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பெல்ட் அலாரத்தை ஏமாற்ற விற்கும் கிளிப்புகளை நீக்கச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவிட்டது. நீக்கப்பட்ட விளம்பரங்கள் மட்டும் 13,118. அலாரத்தை நிறுத்தக் காசு கொடுக்கும் ஜனம் நாம்.

இன்னொன்று: டிசையர் என்ற பெயரில் பழைய தலைமுறைக் கார்களும் ஏராளமாக டாக்சியாக ஓடுகின்றன, செகண்ட் ஹேண்டில் விற்கின்றன. ஸ்டார் பெயருக்கு அல்ல, சோதித்த மாடலுக்கு. புதுக் காரில் பாரத் என்கேப் ஸ்டிக்கர் இருந்தால் அதன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எந்த மாடல், எந்தத் தேதி என்று பாருங்கள்.

தீர்ப்பு

நிறை: உறுதியான கூண்டு, எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக், ஈ.எஸ்.சி., ஐந்து பேருக்கும் மூன்று முனை பெல்ட்.

குறை: குழந்தைகளுக்கான தோதில் 13க்கு 6, ஓவர்டேக்கில் திணறும் இன்ஜின், அடாஸ் இல்லாதது.

பாதுகாப்பை முதலாக வைத்து ஒரு செடான் தேடுபவர்கள் டிசையரைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கிய அன்று செலவில்லாத ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பின் சீட்டில் உட்காரும் ஒவ்வொருவரும் பெல்ட் போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள், மாமனாராகவே இருந்தாலும்.