கலீலீயின் அட்டவணையும் செல்லூரின் கிப்லாவும்

14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் காலக்கணிப்பாளராகப் பணியாற்றியவர் ஷம்சுத்தீன் அல்கலீலீ. அவர் வகுத்த கிப்லா அட்டவணை, அட்சரேகை 10 முதல் 56 பாகை வரையும், மக்காவிலிருந்து தீர்க்கரேகை வேறுபாடு 1 முதல் 60 பாகை வரையும் உள்ள ஊர்களுக்குத் திசை கூறுகிறது. அதிலுள்ள எண்கள் ஏறத்தாழ 3,000. கோளக் கணிதத்தை வணக்கத்தின் பணிக்கு இத்துணை விரிவாக ஈடுபடுத்திய உழைப்பு வியப்பிற்குரியது.

வைகையின் வடகரையிலுள்ள செல்லூர் 10 பாகைக்குச் சற்றுத் தெற்கே, அவ்வட்டவணையின் விளிம்பிற்கு வெளியே நிற்கிறது. கோளக் கணக்கை இன்றைய அளவைகளோடு செய்தால், இங்கே கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகை. கடலோடிகளின் மெர்கேட்டர் வரைபடத்தில் மக்காவுக்கு நேர்கோடு இழுத்தாலோ 17 பாகையே கிடைக்கும். எது சரி?

“பெருவட்டமே மிகக் குறுகிய பாதை; ஆகவே அதுவே கிப்லா” என்பது வழக்கமான விடை. முடிவு சரி; காரணம் போதாது. பெருவட்டத்தின் வழியே தொலைவு சுமார் 4,280 கிலோமீட்டர். வரைபடக் கோட்டின் வழியே கூடுவது ஐந்தாறு கிலோமீட்டர்தான். மேலும், தொழுபவர் பயணம் செய்வதில்லை, முகம் திருப்புகிறார். ஓரிடத்தை நேருக்கு நேர் நோக்குவதென்பது, நம் உச்சியையும் பூமியின் மையத்தையும் அவ்விடத்தையும் இணைக்கும் செங்குத்துத் தளத்தில் நோக்குவதாகும். அத்தளம் பூமிப் பரப்பை வெட்டும் கோடே பெருவட்டம்.

இதற்குச் சூரியனே சான்று. மே 27 அல்லது 28இல் இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16இல் 2.57க்கும் சூரியன் கஅபாவின் உச்சியில் நிற்கிறது. அவ்வேளையில் செல்லூரின் மாடியொன்றில் செங்குத்தாக நட்ட கோலின் நிழலுக்கு நேர் எதிர்த்திசை, அந்த 22 பாகையையே காட்டும். அட்டவணை விடையைத் தருகிறது. நிழல் காரணத்தைக் காட்டுகிறது.

எனினும் இந்த 5 பாகை, பழைய பள்ளிவாசல்களின் ஸஃப்புகளைக் கலைப்பதற்கான ஆயுதமன்று. தொலைவிலிருப்போருக்குக் கஅபாவின் திக்கே போதும் என்பது ஹனஃபீ நிலைப்பாடு. கஅபாவையே நாடி முகம் திருப்ப முயல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. முன்னோர் தொழுத தொழுகையை ஐயுறாதிருக்க முந்தையது இடந்தருகிறது. புதிய பள்ளிக்குக் கால்கோள் இடுமுன் சரியாகக் கணக்கிடப் பிந்தையது தூண்டுகிறது. இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வதில் முரண்பாடு ஏதுமில்லை.