சோன்யா ஹெனி: பனித்தரையும் வெண்திரையும்

1924-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து ஷாமொனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் பனித்தரை நடனப் போட்டியில், எட்டுப் பெண்களில் எட்டாவதாக வந்த பதினொரு வயது நார்வேச் சிறுமியை அன்று எவரும் பொருட்படுத்தியிருக்க நியாயமில்லை. அதே சோன்யா ஹெனி, 1927 முதல் 1936 வரை பத்து ஆண்டுகள் இடைவிடாமல் உலகப் பட்டத்தையும், 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கப் பதக்கத்தையும் வென்று, பிறகு ஹாலிவுட்டுக்குச் சென்று மிகப் பிரசித்தமான நட்சத்திரங்களுள் ஒருவராகவும் விளங்கினார். விளையாட்டுக்காரரின் சரித்திரம் வேறு, நடிகையின் சரித்திரம் வேறு என்று எழுதுவதே வழக்கம். என் அபிப்பிராயத்தில் அவை இரண்டல்ல.

அக்காலத்துப் போட்டிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதலாவதில், காலணியின் கத்தி விளிம்பால் பனிக்கட்டியில் எட்டு வடிவமும் பிற வளைவுகளும் கீறி, கோலத்தில் இழைமேல் இழை வைப்பதுபோல அதே தடத்தின்மீது மறுபடியும் சறுக்கிக் காட்ட வேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தத் தடத்தைப் பரிசோதிப்பார்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்கே. இரண்டாவதான சுயேச்சை ஆட்டத்தில்தான் ஹெனியின் மேதை வெளிப்பட்டது. ஒரு பாய்ச்சலை முடித்து, நிதானித்து, அடுத்ததற்கு ஆயத்தமாவது என்று துண்டு துண்டாக நடந்துவந்த ஆட்டத்தை, ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவிடம் மனத்தைப் பறிகொடுத்திருந்த இந்தப் பெண், ஆதியோடந்தம் அறுபடாத ஒரே நர்த்தனமாக்கினார். கத்தியின் முன்பற்களை ஊன்றி விரல் நுனியில் நிற்பவர்போல் சிற்றடிகளாக ஓடிவந்து, அந்த வேகம் தணியுமுன்பே சுழற்சிக்குள் புகுந்து, விரித்த கைகளை மார்போடு சேர்க்கச் சேர்க்க மேலும் மேலும் விரைவு கூடி, முகத்தில் சிரமத்தின் சாயல்கூடத் தெரியாமல் அதிலிருந்து வெளிப்படும் லாவண்யத்தை அவருடைய படங்களில் இன்றும் காணலாம். முழங்காலுக்கு மேலேறிய குட்டைப் பாவாடையும் வெண்ணிறக் காலணியும் வெறும் அலங்காரங்கள் அல்ல. கால்களைச் சுற்றிக்கொள்ளும் நீண்ட ஆடையோடு அந்தப் பாய்ச்சல்களைப் பாய முடியாது. மூன்று சுற்றுப் பாய்ச்சல்கள் சர்வசாதாரணமாகிவிட்ட இந்நாளில் அவருடைய ஒற்றை ஆக்ஸல் பாய்ச்சலைச் சிலர் அற்பமாகக் கருதுகிறார்கள். பாய்ச்சலை மட்டும் எண்ணுகிறவர்களின் கணக்கு அது. ஒரு பாய்ச்சலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில்தான் அவருடைய ஆட்டம் இருந்தது.

அவருடைய வெற்றிகள் யாவும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்லோவில் பெற்ற 1927-ஆம் ஆண்டுப் பட்டத்தில், ஐந்து நடுவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். அம்மூவரும் ஹெனிக்கும், மற்ற இருவரும் ஆஸ்திரியாவின் ஹெர்மா ஸாபோவுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்ற விதி அதன் பிறகே வந்தது.

1936-இல் போட்டிகளிலிருந்து விலகியதும், ஹாலிவுட்டில் ஒரு பனித்தரை அரங்கையே வாடகைக்கு எடுத்து ஆடிக்காட்டி, ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் அதிபர் டாரில் ஜானக்கின் கவனத்தைக் கவர்ந்து, அவ்வாண்டின் முடிவிலேயே ‘ஒன் இன் எ மில்லியன்’ படத்தில் தோன்றினார். வசனம் பேசுவதில் அவர் சமர்த்தர் அல்லர். கதைகளும் பெரும்பாலும் ஒரு நடனத்திலிருந்து அடுத்த நடனத்துக்குச் செல்லப் போட்ட பாலங்களே. ஆயினும் பனித்தரையில் கால் வைத்த கணமே அவர் பூரணமான நடிகையாகிவிடுகிறார். 1941-இல் வந்த ‘சன் வேலி செரினேட்’ படத்தின் இறுதியில், பனித்தரைக்குக் கருநிறம் ஊட்டி, வெள்ளை உடை அணிந்த ஆட்டக்காரர்களின் பிம்பம் காலடியில் உடன் நழுவி வரும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கே சோகத்தையும் சந்தோஷத்தையும் முகம் சொல்லவில்லை. தோளும் மணிக்கட்டும் சொல்கின்றன. பத்தாண்டுகள் நடுவர்கள் முன்னே அவர் செய்துவந்ததும் இதே அபிநயம்தான்.

அவர் பெயரில் அழியாத ஒரு களங்கமும் உண்டு. 1936-இல் பெர்லினில் ஹிட்லருக்கு நாஜி முறையில் கையுயர்த்தி வணக்கம் செலுத்தினார். பின்னர் அவனுடைய விருந்தினராகவும் சென்றார். சில ஆண்டுகளில் தம் நாடே ஜெர்மானியப் படைகளிடம் சிக்கித் தவித்தபோது, நார்வே மக்கள் அதை எவ்வளவு கசப்போடு நினைத்திருப்பார்கள் என்று விவரிக்க வேண்டியதில்லை. கலைஞருக்கு அரசியல் தெரியாது என்ற சமாதானத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1953-இல் அவர் ஆஸ்லோவுக்கு வந்து ஆடியபோது ஜனங்கள் திரண்டுதான் வந்தார்கள். அதனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதாகாது.

1968-இல் கணவர் நீல்ஸ் ஒன்ஸ்டாடுடன் சேர்ந்து ஆஸ்லோவின் அருகே நவீனக் கலைக்கூடம் ஒன்றை நிறுவிய ஹெனி, மறு ஆண்டே, பாரிஸிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானத்தில் வரும் வழியில், ஐம்பத்தேழாவது வயதில் ரத்தப் புற்றுநோயால் காலமானார். பனித்தரை நடனத்தின் தனிநபர் பிரிவில் மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வேறெந்தப் பெண்ணும் இன்றுவரை பெறவில்லை. வென்ற தங்கத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் தக்கவைத்துக்கொள்ள இன்னொரு பெண், கிழக்கு ஜெர்மனியின் கத்தரீனா விட், வருவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் போட்டிகளை விட்டபின் ‘கார்மன் ஆன் ஐஸ்’ என்ற படத்தில் ஆடி நடித்தார்.