ஆங்கிலத்தில் தேற்ற வினையடைகள்

தான் கூறுவது மெய் என்று அறிவித்துவிட்டு மெய் கூறுவாரும் உளர். அங்ஙனம் அறிவியாமலே மெய் கூறுவாரும் உளர். இவ்விருவருள் யார் கூற்றுக் கேட்போர் உள்ளத்தில் வலிமை பெறும்? ஆங்கில உரைநடையில் இவ்வினா வினையடைகளைப் பற்றி எழுகின்றது. தெளிவைக் குறிக்கும் ‘கிளியர்லி’, ஒளிவின்மையைக் குறிக்கும் ‘பிராங்க்லி’, உறுதியைக் குறிக்கும் ‘சர்ட்டன்லி’, ‘ஷூர்லி’ முதலியன அம்மொழியில் பெருவழக்கின. இவற்றின் இயல்பையும், இலக்கியத்தில் இவை ஆற்றும் தொழிலையும், தமிழில் பெயர்க்குங்கால் நேரும் பிழையையும் ஈண்டு ஆராய்வாம்.

இச்சொற்கள் நிற்கும் இடத்தாற் பொருள் வேறுபடுவன. ‘ஹி ஸ்போக் பிராங்க்லி’ என்பதில் வினையடை, பேசியவன் செயலைத் தழுவுகின்றது. அவன் ஒளிவின்றிப் பேசினான் என்பது பொருள். ‘பிராங்க்லி, ஹி வாஸ் ராங்’ என்பதில் அச்சொல் அவனைத் தழுவுவதன்று; அவன் தவறினான் எனக் கூறுவோனையே தழுவுகின்றது. கூறுதல் என்னும் வினை தொடரில் இல்லை. வினையடை மட்டும் நிற்கின்றது. சிட்னி கிரீன்பாம் ஆங்கில வினையடை வழக்கினைப் பற்றித் தனி நூலொன்றை 1969இல் வெளியிட்டார். அவரும் குவர்க், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் இவ்வகை அடைகளை இருகூறாக்கும். கூறும் முறையை உணர்த்துவது ஒன்று. கூறப்படும் பொருளின் மெய்ம்மையை மதிப்பிடுவது மற்றொன்று. ‘பிராங்க்லி’ முன்னதன்பாற்படும், ‘சர்ட்டன்லி’, ‘கிளியர்லி’ என்பன பின்னதன்பாற்படும்.

‘ஷூர்லி’ தனித்து நோக்கத்தக்கது. உறுதிப்பொருட்டாயினும், கதவைப் பூட்டிய ஒருவனிடம் ஆங்கிலேயர் இச்சொல்லை முன்னிட்டு வினவின், ‘பூட்டினாய் அல்லவா?’ என்னும் ஐயமே புலப்படும். உறுதிச்சொல் உடன்பாட்டை வேண்டும் வினாவாகிவிடுகின்றது. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறிய ஐந்து பொருள்களுள் தேற்றமும் வினாவும் அருகருகே நிற்றலை நாம் அறிவோம். டேனியல் டெனட் என்னும் அமெரிக்க மெய்யியலார் 2013இல் வெளியிட்ட நூலொன்றில், வாதத்தினிடையே ‘ஷூர்லி’ வருமிடத்து விழிப்பாயிருக்க அறிவுறுத்துகின்றார். வாதத்தின் மெலிந்த இடம் பெரும்பாலும் ஆங்கே இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. சான்று நிற்க வேண்டிய இடத்தில் சொல் நிற்கின்றது என்பதே இதன் சாரம்.

இவ்வியல்பைப் பெரும் படைப்பாளர் நன்கறிந்து பயன்கொண்டனர். சேக்சுபியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் அந்தோனி, புரூட்டசு மாண்புடையவன் என்று மீண்டும் மீண்டும் மொழிகின்றான். ஒருமுறை ‘ஷூர்’ என்னும் உறுதிச்சொல்லையும் உடன் சேர்க்கின்றான். உறுதி மிகுந்தோறும் கேட்போர் நம்பிக்கை குறைகின்றது. அந்தோனி வேண்டியதும் அதுவே. ‘ஒத்தெல்லோ’வில் ‘ஆனஸ்ட்’, ‘ஆனஸ்டி’ என்பன 52 இடங்களில் வருதலை வில்லியம் எம்ப்சன் 1951இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். வஞ்சகனாகிய இயாகோவுக்கே அவ்வடை பெரிதும் வாய்த்தமை அந்நாடகத்தின் உயிர்நிலை. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்டு பிரிஜுடிஸ்’ நாவலின் முதல் வாக்கியத்தில் ‘யுனிவர்சலி’ என்னும் வினையடை உள்ளது. அது முழு வாக்கியத்தையும் தழுவும் அடை அன்று. எனினும் தேற்றப் பொருளதே. உலகனைத்தும் ஒப்பியதாகச் சொல்லப்படுவது, பெண்ணைப் பெற்ற சில குடும்பத்தாரின் விருப்பமே எனக் கதை காட்டுகின்றது. அவ்வொரு சொல் இன்றேல் அங்கதம் இல்லை.

இவ்வடைகள் யாண்டும் போலி என்பது எம் கருத்தன்று. மார்கரெட் மிட்செலின் ‘கான் வித் த விண்ட்’ 1936இல் வெளிவந்தது, 1939இல் திரைப்படமாயிற்று. தலைவன் பிரிந்து செல்லுங்கால் மொழியும் புகழ்பெற்ற விடையில் ‘பிராங்க்லி’ என்னும் சொல் நாவலில் இல்லை, திரைப்படத்தில் உண்டு. நாவலில் அவன் குரலின் தன்மையை ஆசிரியரே தம் கூற்றால் உணர்த்திவிடுகின்றார். திரையில் அத்தகைய கூற்று இல்லாமையின், அடை பாத்திரத்தின் வாய்மொழியாகவே வந்து அப்பணியை ஆற்றுகின்றது என யாம் கொள்கின்றோம். தொழிலுடைய சொல் மிகையாகாது.

இனித் தமிழாக்கத்தை நோக்குவோம். ‘கிளியர்லி’ என்பதைத் ‘தெளிவாக’ என்றே பெயர்த்து வாக்கியத்தின் முதலில் வைத்தல் இன்று பெருகியுள்ளது. ‘தெளிவாகப் புலவர் இக்கருத்தை மறுத்தார்’ எனின், அவர் மறுத்த முறை தெளிவானது என்றே தமிழர் பொருள்கொள்வர். ஆங்கிலத்தார் கருதியதோ, ‘புலவர் இக்கருத்தை மறுத்தார் என்பது தெளிவு’ என்பதாம். அவ்வாறே ‘பிராங்க்லி’ என்பதற்கு ‘வெளிப்படையாக’ என்பது போதாது. ‘வெளிப்படையாகச் சொன்னால்’ என வேண்டும். ஆங்கிலம் மறைத்த கூறுதல் வினையைத் தமிழ் வெளிக்கொணர்கின்றது. இது சொற்பெருக்கம் அன்று, மொழியின் நேர்மை.

இதனின்றும் பெறத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஆங்கில வாக்கியம் உறுதியை முன்வைத்துக் கருத்தைப் பின்வைக்க இடந்தருகின்றது. படிப்போன் கருத்தை அறியுமுன்னரே உடன்படத் தூண்டப்படுகின்றான். ‘என்பது தெளிவு’, ‘என்பது உறுதி’ என முடியும் தமிழ் வாக்கியமோ கருத்தை முதற்கண் வைத்து உறுதியை இறுதியில் வைக்கின்றது. படிப்போன் சான்றை எண்ணிப் பார்த்த பின்னரே உறுதியை எய்துகின்றான்.

ஆயினும் நம் ஆய்வுரைகளும் குற்றத்தினின்று நீங்கியன அல்ல. ‘ஐயமின்றி’, ‘தெள்ளிதிற் புலனாகும்’ என்னும் தொடர்கள் சான்று முடிந்த இடத்தில் தொடங்குதலை மாணவர் கட்டுரைகளிலும் எம் கட்டுரைகளிலும் காண்கின்றோம். ஒரு நூலின் காலத்தைத் துணியுமிடத்து இத்தொடர் வருமாயின், அடுத்து வருவோர் அதனை முடிந்த முடிபாகவே எடுத்தாள்வர், ஊகம் வரலாறாகிவிடும். ‘ஆகலாம்’ என வேண்டுமிடத்து அதனைத் துணிந்து எழுதினாலன்றி ‘உறுதி’ என்னும் சொல்லுக்குப் பொருள் இராது. ஆதலின் ஆய்வு மாணவர் தம் வாக்கியத்தினின்று தேற்றச் சொல்லை நீக்கிவிட்டுப் படித்தல் நன்று. அச்சொல்லின்றியும் கருத்து நிலைபெறுமாயின் அதனைப் பெரிதும் விட்டுவிடலாம். நிலைபெறாதாயின் ஆங்கு வேண்டுவது சான்றே என்க.