பிலிப்பைன்ஸ் மாணவரும் 'குயா'வின் இல்லமும்

ஜோர்ஜ் ஓர்வெல் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்திற் காணும் 'பெரிய அண்ணன்', குடிகளை ஓயாது வேவுபார்க்கும் கொடுங்கோன்மையின் உருவாவான். அப்பெயரை 1999இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சியினர் விளையாட்டாக எடுத்தாண்டனர். அடைத்த வீடொன்றிற் சிலரைக் குடியிருத்தி, மூலைதோறும் படக்கருவி பொருத்தி, அவர்தம் வாழ்வை நாடோறும் காட்டும் 'றியாலிற்றி'க் காட்சி அவ்வாறு பிறந்தது. அது 2005 ஓகஸ்ட் மாதம் ஏபிஎஸ்-சிபிஎன் நிலையத்தின் வாயிலாக 'பினோய் பிக் பிரதர்' எனப் பிலிப்பைன்ஸை அடைந்தபோது பெற்ற மாற்றமே ஈண்டுக் கருதற்பாலது. முகங்காட்டாது குரலால் மட்டும் ஆணையிடும் தலைவனை வீட்டிலுள்ளோர் 'குயா' என விளிக்கலாயினர். தகாலொக் மொழியிற் குயா என்பது தமையனைக் குறிக்கும் மரியாதைச் சொல்.

கல்லூரி மாணவரை இக்காட்சி ஈர்த்ததன் காரணம் இவ்வொரு சொல்லிற் பெரிதும் அடங்கியுள்ளது. மூத்தோன் உழைத்து இளையோரின் படிப்புச் செலவைத் தாங்குதல் அந்நாட்டுப் பெருவழக்கு; அதனால் எழும் நன்றிக் கடனை 'உத்தாங் நா லோப்' என்பர். ஊரை விட்டு மணிலாவில் வாடகை அறையில் வாழும் மாணவனுக்கு, பணியிட்டும் கடிந்தும் தேற்றியும் பேசும் குரல் அந்நியமானதன்று. போட்டியாளர் தனியே அமர்ந்து குயாவிடம் மனந்திறக்கும் அறையோ பாவசங்கீர்த்தனத்தை நினைவூட்டுவது, பெயரும் அதுவே. கத்தோலிக்கக் கல்விநிலையங்களிற் பயின்றோர்க்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. (2017இல் தமிழுக்கு வந்த வடிவில் அவன் 'பிக் பாஸ்' என முதலாளியாகவே நின்றான், அவனை உறவினனாகக் கொண்டார் இலர்.)

பிறர் வீட்டை எட்டிப்பார்க்கும் இழிசுவையே இது எனப் பெரியோர் கடிவது முற்றும் பொருந்தாது. யார் மெய்யாக ஒழுகுகின்றார், யார் நடிக்கின்றார் எனத் தம் வயதினரை வைத்துத் தீர்ப்பளித்தலே மாணவர் நுகரும் சுவை. 2006இல் இளையோர்க்கான முதற் பதிப்பில் செபூவைச் சேர்ந்த கிம் சூ வென்று புகழ்பெற்ற நடிகையானமை அத்தீர்ப்புக்கு ஓர் எடையும் தந்தது. ஆயினும், ஒரு நாளின் இருபத்துநான்கு மணியைச் சிறுபொழுதாகச் சுருக்குவோன் தொகுப்பாளனே. அவன் வெட்டியெறிந்ததை மாணவர் கண்டிலர்; கண்டதைக் கொண்டே காசு செலவிட்டுக் குறுஞ்செய்தியால் வாக்களித்தனர். 2001 சனவரியில் அதே குறுஞ்செய்தியால் எட்சா வீதியில் இளைஞர் திரண்டனர். சனாதிபதி எஸ்திராடா பதவியிழந்தார். நான்காண்டு கழித்து அக்கருவி, ஒருவரை வீட்டில் வைப்பதா நீக்குவதா என்னும் வினாவுக்குள் ஒடுங்கியது. வீட்டின் விதிகளை வகுத்தவர் யார் என்னும் வினாவுக்கு அதில் இடமேயில்லை. தமையனிடம் அவ்வாறு வினவுதல் வழக்கமுமன்று.

குயாவுக்கும் மேலொரு கை இருந்தமை பின்னரே வெளிப்பட்டது. உரிமம் முடிவுற்றதால் 2020 மே 5ஆம் நாள் ஏபிஎஸ்-சிபிஎன் ஒலிபரப்பை நிறுத்தியது. சூலை மாதம் பாராளுமன்றக் குழு புதிய உரிமத்தை மறுத்தது. காட்சி மட்டும் மாயவில்லை. 2025இல், நெடுங்காலப் போட்டி நிலையமான ஜிஎம்ஏயின் அலைவரிசையிலே குயாவின் குரல் ஒலித்தது.