அருகும் தொலைவும்

பாட்டொன்று மனத்தைக் கவர்ந்துவிட்டால் பாடியவரையும் இசையமைத்தவரையும் கவிஞரையும் வாயாரப் புகழும் நாம், அந்தக் குரல் நம் செவிக்கு எத்தனை அருகில் நிற்கவேண்டும், அதன் பின்னே வயலின்கள் எத்தனை தூரம் விலகவேண்டும் என்று தீர்மானித்த ஒலிப்பதிவாளரை ஏனோ நினைப்பதேயில்லை.

எம். எஸ். விஸ்வநாதன் கோலோச்சிய காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி ஏககாலத்தில் இசைக்க, ஒருவர் பிசகினாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தபடியால், மைக்கிலிருந்து யாரை எவ்வளவு தள்ளி உட்காரவைப்பது என்பதே ஒலிப்பதிவாளரின் பெரும் சாமர்த்தியமாயிருந்தது. பல தடங்களில் தனித்தனியே பதியும் முறை வந்தபின், அந்தத் தூரத்தைப் பிற்பாடு மிக்ஸிங் மேசையில் சிருஷ்டிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அவ்வித்தையில் நிகரற்றவர், ஏ. ஆர். ரஹ்மானுடன் நெடுங்காலம் பணியாற்றிய எச். ஸ்ரீதர்.

தலைமன்னார்க் கடலைத் தாண்டி இராமேஸ்வரத்தில் கரையேறியவர்களின் துயரைக் கருவாய்க் கொண்ட 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், ஊரைப் பிரியும் மக்களின் பாட்டொன்றை அதே விஸ்வநாதன் தம் முதுமைக் குரலில் பாடியிருக்கிறார். அக்குரலின் கரகரப்பையும் தளர்வையும் மெருகிட்டு மறைக்காமல் முன்னே நிறுத்தி, துணைக்குரல்களை அதற்குப் பின்னே பரவவிட்டிருக்கும் விவேகத்தை மன்னார் மாவட்டத்து அடம்பனில் இருந்து கேட்கும் என்னால் வியக்காமலிருக்க முடிவதில்லை. இங்கே அந்தப் படகுப் பயணத்தை அறியாத குடும்பம் அரிது. அப்படத்தின் ஒலிப்பதிவுக்கான தேசிய விருதை ஏ. எஸ். லட்சுமிநாராயணனும் ஸ்ரீதரும் பகிர்ந்துகொண்டனர்.

விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளில் கேட்டுத் திருப்தியடைந்த பின்னரும் சின்னஞ்சிறு ஸ்பீக்கரொன்றில் அதே கலவையைப் போட்டுச் சோதிப்பது இத்தொழிலாரின் வழக்கம். தொண்ணூறுகளில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னிப் பெருநிலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவின் தயவில் வானொலி கேட்டவர்களுக்கு அச்சோதனையின் அருமை சொல்லாமலே விளங்கும். அலைவரிசை இரைச்சலுக்கு நடுவே பாட்டின் சொல் தெளிவாய் வந்து சேர்ந்ததென்றால், அதில் பாதிப் புண்ணியம் எங்கோ கோடம்பாக்கத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவருடையது.

'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்ற ஸ்ரீதர், 2008 டிசம்பர் 1-ஆம் திகதி காலமானார்.