இணைப்பு மொழி எனும் எடுகோள்

இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் (1987) ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. எங்கு சென்றாலும் ஆங்கிலம் கைகொடுக்கும் என நம்பிப் பயணம் புறப்படுவோரின் எடுகோளும் இதுவே. சப்ரகமுவத் தோட்டங்களில் இவ்வெடுகோள் ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலேயே பொய்த்திருந்தது என்பது எமது கருத்து.

இதற்குச் சான்று துரைமாரின் நூல்களிலேயே உண்டு. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்கி 1915இல் வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. அதற்கு முன்னரே சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்கென ஒரு தமிழ்க் கையேடு வெளிவந்தது. அதன் பெயர் 'இங்கே வா'. ஆட்சிமொழி ஆங்கிலமாயிருந்தும் பிரட்டுக் களத்தில் வேலை வாங்கத் தமிழே வேண்டியிருந்தது. ஆயின், 'வாருங்கள்' என்னாது 'வா' என்று தொடங்கும் தமிழ் அது. இதனைத் தமிழுக்குக் கிடைத்த பெருமையெனக் கொள்ளுதல் தகாது.

இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மக்கள் அயற்கிராமத்தாருடன் கடையிலும் பஸ்ஸிலும் பெரும்பாலும் சிங்களத்திலேயே உரையாடுகின்றனர். இணைப்பு எனத்தக்கது இதுவே. எனினும் இணைக்கும் உழைப்பு ஒரு சாராருடையதாகவே உள்ளது. அயலவர் தமிழ் கற்றல் அரிது. எட்டியாந்தோட்டையில் இறங்கி ஆங்கிலத்தில் வழி கேட்பவருக்கு இவ்வுழைப்பு புலப்படுவதில்லை. சட்டவாசகமும் இதனைக் கணக்கில் எடுக்கவில்லை.