அம்மையாரின் துறவும் அகநிறைவும்

பற்றினை விட்டார்க்கே உள்ளம் நிறையும் என்பது சமய நூல்களிற் பரவலாகக் காணப்படும் கருத்து. ஆயின், நிறைவு துறவின் பயனோ, அன்றித் துறவுக்குக் காரணமோ என்பது ஆராய்தற்குரியது. ஊத்துக்கோட்டைக்குத் தென்மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்த திருவாலங்காட்டைப் பாடிய காரைக்காலம்மையாரின் வாக்கு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

அம்மையாரின் வரலாற்றை விரித்துரைப்பவர் 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார். மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமெனக் கருதி அஞ்சிப் பிரிந்தான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். சுற்றத்தார் அழைத்துவந்த அம்மையாரின் அடியில் மனைவி மகளோடு வீழ்ந்து வணங்கினான். அதன் பின்னரே அவர், கணவன்பொருட்டுச் சுமந்த உடலழகை நீக்கிப் பேய்வடிவம் அருளுமாறு வேண்டினார். இதுகொண்டு, அவர் துறவு கைவிடப்பட்டமையின் விளைவே எனக் கொள்ளல் எளிது. அங்ஙனம் கொள்ளின், அவர் எய்திய நிறைவு இழப்பிற்கு ஓர் ஈடாகவே முடியும்.

அம்மையாரின் பாடல்கள் இக்கொள்கைக்கு இடந்தரவில்லை. 101 வெண்பாக்களாலாகிய அற்புதத் திருவந்தாதியில் மாங்கனியும் இல்லை; கணவனும் இல்லை. மொழி பயின்ற இளம்பருவந்தொட்டே இறைவன்பால் தமக்கு அன்பு உண்டாயிற்று என்றே அவர் தொடங்குகின்றார். தம் துன்பத்தை அவன் களையாவிடினும் அவ்வன்பு குன்றாது என்கின்றார். இறைவனைத் தம் உள்ளத்துச் சேமநிதியாகக் கொண்டு மகிழ்ந்தமையின், தமக்குக் கிட்டாதது எதுவுமில்லை எனப் பிறிதோரிடத்துக் கூறுகின்றார். விட்டவற்றின் கணக்கு ஈண்டு இல்லை. பெற்றதன் மகிழ்ச்சியே உளது.

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சுடுகாட்டையும் பேய்களையும் பாடுதலின், அவை உலகின்மீது கொண்ட வெறுப்பின் வெளிப்பாடு ஆகாவோ எனின், ஆகா. அச்சுடுகாடு இறைவன் ஆடும் அரங்கு. தம்மையும் காரைக்காற் பேய் எனப் பெயரிட்டு, அக்கூட்டத்துள் ஒருவராய் நின்று அவர் பாடுகின்றார். பிறர் அஞ்சி அகலும் இடம் அவர் விரும்பி நாடிய இடமாயிற்று.

இந்நெறி அம்மையார்க்கு மட்டும் உரியதன்று. திருக்குறளின் துறவு அதிகாரமும், பற்றில்லாத இறைவனைச் சார்தலே பற்று நீங்குதற்கு வழி எனக் கூறி முடிகின்றது. சேக்கிழாரும் அம்மையாரின் சிவபத்தி இளமையிலேயே தோன்றியதாகக் காட்டுவர். ஆகவே, கணவனின் பிரிவு துறவுக்கு வாயிலாயிற்றேயன்றிக் காரணமாகவில்லை. உலகை விட்டமையால் அம்மையாரின் உள்ளம் நிறைந்ததன்று. நிறைந்த உள்ளத்தினின்று உலகு தானே நழுவிற்று என்பதே ஈண்டுப் பெறப்படும் முடிவாகும்.